மழைக்கு முன் விறகை அடுக்கி வையுங்கள்

சிறு விவசாயியின் வீட்டுக் கொல்லையில் எப்போதும் ஒரு விறகுக் குவியல் கிடக்கும். வரப்போரத்து வேம்பின் கிளை, வேலியில் வெட்டிய சீமைக் கருவேல், தென்னை மட்டை, பருத்தி மார் என்று கிடைத்ததையெல்லாம் வண்டியிலிருந்து சுவரோரமாகத் தள்ளிவிடுவது வழக்கம். எரிவாயு உருளை வந்துவிட்ட வீடுகளிலும் வெந்நீர் போடவும், நெல் அவிக்கவும், மாட்டுத் தீனி காய்ச்சவும் விறகு வேண்டியிருக்கிறது. ஆனால் வைக்கோல் போர் போடுவதில் காட்டும் அக்கறையில் கால் பங்கைக்கூட விறகுக்கு யாரும் காட்டுவதில்லை. வைக்கோல் நனைந்தால் மாடு முகத்தைத் திருப்பிக் கொள்கிறது. நட்டம் உடனே தெரிந்துவிடுகிறது. விறகு நனைந்தால் அந்தக் கஷ்டம் அடுப்படியோடு நின்றுவிடுகிறது. வெட்டிக் கொண்டுவந்து போட்டவர் அதை அறிவதில்லை.

அப்போதுதான் வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். விறகுக் கடையில் ஈரக்கட்டையை எடைக்கு வாங்குபவர், கொடுக்கும் பணத்தில் பாதியைத் தண்ணீருக்குக் கொடுக்கிறார். 10 கிலோ பச்சை விறகில் உள்ள 5 கிலோ நீரை ஆவியாக்க 3,000 கிலோ கலோரிக்கு மேல் செலவாகும். அந்த விறகு தரக்கூடிய மொத்த வெப்பத்தில் இது ஏழில் ஒரு பங்கு. இது சிறிய நட்டம்தான். பெரிய நட்டம் வேறு. ஈரத்தால் தீயின் சூடு தணிகிறது. சூடு போதாததால் கட்டையிலிருந்து கிளம்பும் வாயுக்கள் எரியாமல் புகையாக வெளியேறுகின்றன. எரிய வேண்டிய பொருளே புகையாகப் போகிறது; போகும் வழியில் ஊதுகுழலோடு அடுப்பின் முன் அமர்ந்திருப்பவரின் கண்ணையும் நெஞ்சையும் கெடுக்கிறது. நன்கு காற்றில் உலர்ந்த விறகில் ஈரம் 15 முதல் 20 சதம்தான் இருக்கும். சவுக்கு ஈரமாக இருந்தாலும் ஓரளவு எரியும் என்பது உண்மையே. அதையும் உலர்த்தி எரித்தால் புகை குறையும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு வேண்டிய விறகைத் தை, மாசியிலேயே வெட்டிவிட வேண்டும். சித்திரை வெயிலும் ஆனி, ஆடி மேல்காற்றும் அதன் மீது பட வேண்டும். வெட்டிய உடனே ஒன்றரை அடி நீளத்துக்கு ஒரே அளவாகத் துண்டு போட்டு, மணிக்கட்டைவிடப் பருமனானவற்றைப் பிளந்துவிடுதல் நலம். மரப்பட்டை நீரை எளிதில் வெளியே விடாது. வெட்டுவாய் வழியாகவும் பிளந்த பக்கத்தின் வழியாகவுமே ஈரம் விரைந்து வெளியேறும். காய்ந்து இறுகிய கருவேலைப் பிளப்பதைவிடப் பச்சையில் பிளப்பது எளிது என்பது கோடரி பிடித்தவர்கள் எல்லோரும் அறிந்ததே. ஆனாலும் பிளக்கும் வேலை மார்கழிக்குத்தான் தள்ளிப்போகிறது!

அடுக்கும் இடம் மேடாகவும் காற்றோட்டமாகவும் இருக்க வேண்டும். வீட்டுச் சுவரிலிருந்து 10 அடியாவது தள்ளியிருப்பது நல்லது. வைக்கோல் போருக்கு அருகில் கூடாது. செங்கல் அல்லது கருங்கல்லை வரிசையாக வைத்து, அதன் மேல் இரண்டு பனை வாரைகளைக் கிடத்தி அடித்தளம் அமைக்கலாம். அடியில் விளக்குமாறு நுழைந்து பெருக்கும் அளவுக்கு, ஏறத்தாழ ஓரடி, இடைவெளி இருக்கட்டும். தரையில் நேராகக் கட்டையைப் போட்டால் அடிவரிசை முழுவதும் கறையானுக்குத்தான்.

அடுக்கை வடக்கு தெற்காக நீளவாக்கில் அமைத்தால், கட்டைகளின் வெட்டுவாய்கள் கிழக்கையும் மேற்கையும் பார்த்திருக்கும். மேல்காற்று கட்டைகளின் இடுக்குகள் வழியே ஊடுருவிச் செல்லும். இரு முனைகளிலும் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி வைத்துத் தூண் போல் எழுப்பிக்கொண்டு, நடுவில் மற்றவற்றை ஒரே திசையில் கிடத்த வேண்டும். முன்பக்கத்தில் வெட்டுவாய்களை ஒரு நூல் பிடித்ததுபோல் சமமாக நிறுத்தினால் அடுக்கு சாயாது. பார்ப்பதற்கும் நன்றாக இருக்கும். விறகுக்கு அழகு எதற்கு என்று சிலர் கேட்கக் கூடும். ஒழுங்காக அடுக்கிய விறகில் எந்தக் கட்டை நகர்ந்திருக்கிறது, எந்த இடுக்கில் கறையான் மண் ஏறியிருக்கிறது என்பது தூரத்திலிருந்தே தெரியும். குவியலில் எதுவும் தெரியாது.

உயரம் 4 அடிக்கு மேல் போக வேண்டாம். குழந்தைகள் ஏறி விளையாடும் இடம் அது. 6 அடி நீளம், 4 அடி உயரம், ஒன்றரை அடி அகலமுள்ள ஓர் அடுக்கில் கருவேல், சவுக்கு போன்ற கனமான மரமானால் 400 முதல் 500 கிலோ வரை கொள்ளும். நாளொன்றுக்கு 5 கிலோ எரிக்கும் வீட்டுக்கு ஐப்பசி முதல் மார்கழி வரை அது ஏறத்தாழப் போதும்.

மேலே தென்னங்கீற்றாலோ பழைய தகரத்தாலோ சரிவாக ஒரு கூரை போட வேண்டும். பக்கங்களைத் திறந்தே விடுக. தார்ப்பாயால் முழுவதும் போர்த்தி மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். வடகிழக்குப் பருவமழையில் சாரல் அடிக்கும் பக்கத்தில் மட்டும் ஒரு தட்டி கட்டினால் போதும். விறகு உலர்ந்ததா என்று அறிய, சில கட்டைகளில் சுண்ணாம்பால் குறியிட்டு வாரம் ஒருமுறை எடை பார்க்கலாம். எடை குறைவது நின்றுவிட்டால் உலர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். தராசு இல்லாதவர்கள் இரண்டு கட்டைகளை மோதிப் பார்க்கட்டும். உலர்ந்தது கணீரென்று ஒலிக்கும். ஈரமானது மந்தமாக ஒலிக்கும்.

எல்லாவற்றையும் அடுக்கில் சேர்த்துவிடக் கூடாது. பருத்தி மாரில் வெடிக்காமல் தங்கிய காய்களுக்குள் இளஞ்சிவப்புக் காய்ப்புழு உறங்கிக் கிடக்கும். அதைக் குவித்து வைத்திருந்தால், அடுத்த பருத்திப் பயிர் பூத்துக் காய்க்கும் நேரத்தில் அந்துப்பூச்சியாகி வயலுக்குத் திரும்பும். கடைசி எடுப்பு முடிந்ததும் ஆடுகளை வயலில் மேயவிட்டு, எஞ்சிய காய்களைப் பறித்து அழித்த பிறகே மாரை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அதையும் அடுத்த விதைப்புக்கு முன்பே எரித்துத் தீர்த்துவிடுவது நல்லது. தென்னை அடிமரத்தை முழுதாகப் போட்டு மழையில் மக்கவிட்டால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும். சிவப்புக் கூன்வண்டு தாக்கிச் சாய்ந்த தென்னையை அடுக்கி வைக்கவே கூடாது. உடனே பிளந்து எரித்துவிட வேண்டும். அரளிக் குச்சியின் புகை நஞ்சு. அதை அடுப்புப் பக்கமே கொண்டுவரலாகாது.

கறையானுக்காக விறகின் மேல் பி.எச்.சி. தூள் தூவும் பழக்கம் முன்பு உண்டு. அம்மருந்து 1997-ல் தடை செய்யப்பட்டுவிட்டது. இன்று கடையில் கிடைக்கும் எந்தப் பூச்சிமருந்தையும் எரிக்கும் விறகில் போடுவது தவறு. அது புகையாகி அடுப்படிக்குத்தான் வரும். தரையைவிட உயர்ந்த அடித்தளமும், கற்களின் மேல் ஏறும் மண் தடத்தை வாரம் ஒருமுறை தட்டிவிடுவதுமே போதுமானவை.

கட்டாயமாகக் கவனிக்க வேண்டியது பாம்பு. சுவரோரக் குவியலில் எலி குடிபுகுகிறது. எலியைத் தேடிப் பாம்பு வருகிறது. சுருட்டை விரியனுக்குக் கட்டை இடுக்கு நல்ல மறைவிடம். கோழிக் கூட்டையும் தானியக் குதிரையும் விறகை ஒட்டி வைத்தால் எலிக்கும் பாம்புக்கும் வசதி செய்து கொடுத்தது போலாகும். விடியுமுன் எழுந்து இருட்டில் அந்தக் குவியலுக்குள் கை விடுபவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். எனவே மறுநாளைக்கு வேண்டிய விறகைப் பகலிலேயே எடுத்து அடுப்படித் திண்ணையில் வைத்துவிட வேண்டும். அடுக்கிலிருந்து எடுக்கும்போது மேல் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். நடுவிலிருந்து உருவக் கூடாது. எடுக்குமுன் ஒரு கோலால் தட்டுவது நல்லது. இரவில் போக நேர்ந்தால் டார்ச் விளக்கு அவசியம்.

கடிபட்டால் அந்த இடத்தை அறுப்பதோ, வாயால் உறிஞ்சுவதோ, கயிற்றால் இறுகக் கட்டுவதோ கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, நடக்கவிடாமல், உடனே நஞ்சுமுறி மருந்துள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். 108 ஆம்புலன்சை அழைக்கலாம். கட்டுவிரியன் கடித்த இடத்தில் பெரும்பாலும் வலியும் வீக்கமும் இராது. ஆகவே ஒன்றுமில்லை என்று எண்ணி விடியும்வரை காத்திருந்துவிடக் கூடாது.