பீப் சத்தத்தை நம்பிப் போர் போடாதீர்கள்

"மல்டிமீட்டர் பீப் அடிச்சாச்சு, வயர் நல்லாத்தான் இருக்கு." வடசேரிப் பக்கம் போர் போடுமுன் நீரோட்டம் பார்க்க மண்ணின் மின்தடையை அளக்கும் மீட்டரும் வயர்களும் முளைகளுமாக வருகிறவர்களிடம் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பாறை வெடிப்பில் ஒளிந்திருக்கும் தண்ணீரைத் தேடுகிற ஊரில், இந்த அசட்டுத் தைரியம் வீட்டுக்காரர் பணத்தைத்தான் விழுங்கும்.

நம்பிக்கை: பீப் அடித்தால் வயர் சரி.

உண்மை: பல மல்டிமீட்டர்கள் 30 ஓம் இருந்தாலும் பீப் அடிக்கும். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 100 மீட்டருக்கு 2 ஓமைத் தாண்டாது. ஆள் மூச்சு விடுகிறான் என்று மட்டுமே பீப் சொல்லும். நோய் இல்லை என்று சொல்லாது. வயர் முளைக் கிளிப்பில் சேரும் கழுத்தைப் பாருங்கள். மேலுறை முழுசாக இருக்கும். உள்ளே இழைகள் அறுந்து, கடற்காற்றில் பச்சைக் களிம்பு ஏறி, ஒன்றிரண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். மேசையில் பீப் அடிக்கும். வயலில் இழுத்தால் விட்டுப்போகும்.

நிலையாகச் சில ஓம் கூடினால் பாதகமில்லை. வெளிமுளைகளில் மின்னோட்டம் செலுத்தி, உள்முளைகளில் மின்னழுத்தம் அளக்கும் நான்கு முளை முறை அதைத் தாங்கும். விட்டுவிட்டு வரும் தொடர்பையும் வயருக்கு வயர் கசிவையும் அது தாங்காது. கசிவைப் பார்க்க பீப் உதவவே உதவாது. கணக்குப் போடுங்கள்: வெளிவயரில் 200 வோல்ட், உள்முளை மண்ணைத் தொடும் இடத்தில் 1,000 ஓம். பத்து லட்சம் ஓம் வழியாகக் கசிந்தாலே 0.2 வோல்ட் கள்ள அளவு வந்துவிடும். முளைகளை அகலமாக நட்டால் அங்கே வரவேண்டியதே சில மில்லிவோல்ட்தான். முளைகளைச் சம இடைவெளியில் நடும் வென்னர் முறையில் அந்த இடைவெளி 30 மீட்டர் என்றால், அளவீட்டில் வரும் 1 ஓம் பிழை 188 ஓம்-மீட்டராகப் பெருகும்.

செய்யவேண்டியது இதுதான். வயர்களைக் கருவியிலிருந்து கழற்றுங்கள். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, கிளிப் கழுத்தை ஒருவர் ஆட்டட்டும். எண் குதிக்கக் கூடாது. பிறகு மறுமுனைகளைத் தனித்தனியே விட்டு, வயருக்கும் வயருக்கும் இடையே, கசிவைக் காட்டும் மெக்கர் கருவியை வைத்துப் பாருங்கள்.

நம்பிக்கை: மல்டிமீட்டர் முனைகளை மண்ணில் குத்தினாலே மின்தடை தெரியும்.

உண்மை: முனை மண்ணில் ஒட்டும் இடத்துத் தடைதான் பெரும்பாலும் தெரியும். அதற்காகத்தானே நான்கு முளை!

நம்பிக்கை: மின்தடை குறைந்தால் நல்ல தண்ணீர்.

உண்மை: களிமண்ணுக்கும் குறையும், உப்புநீருக்கும் குறையும். கடற்கரை ஊர்க்காரர்களைக் கேளுங்கள்.

நம்பிக்கை: உள்ளங்கையில் தேங்காய் நிமிர்ந்தால் நீரோட்டம்.

உண்மை: தேங்காயைச் சட்னிக்கு வையுங்கள்.

இதே பீப்பை வைத்து, "வீட்டு எர்த் சரி" என்று சான்றிதழ் கொடுப்பவர்களும் உண்டு. கம்பி தொடர்ந்து போகிறது என்பது வேறு, குழிமண் மின்சாரத்தை வாங்கிக்கொள்கிறது என்பது வேறு. எர்த் டெஸ்டர் கொண்டுவரச் சொல்லி அளக்கச் சொல்லுங்கள். மின்சாரம் கசிந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. மாட்டி, மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். ஈரக்கையோடு மோட்டார் போடுகிற வீடுகளில் தண்ணீரைத் தேடுவதற்கு முந்திய வேலை இது.