என் தலையில் விழுந்த 40 சதவீதம்

விபத்து வழக்கில் மேல்முறையீடு போனால் எல்லாம் நேராகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தீர்ப்பாயம் என் பங்குத் தவறு 40 சதவீதம் என்றது. உயர் நீதிமன்றம் அதை 20 ஆக்கியது. அந்த இருபதுக்கு என் பழைய வக்கீல்தான் பொறுப்பு.

லாரியை முந்த ஏறிய கார் என் பாதைக்குள் வந்து இடித்தது. ரோட்டோர டீக்கடைக்காரர் கண்ணால் பார்த்தவர், சாட்சி சொல்லவும் தயாராக இருந்தார். வக்கீலோ, "எஃப்.ஐ.ஆரே அவன் மேலதான் சார் இருக்கு, சாட்சி எதுக்கு?" என்று விட்டுவிட்டார். கூண்டேறியது நான் மட்டும். எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் கம்பெனி போலீஸ் வரைபடத்தைக் காட்டி, இரண்டு வண்டியும் நடுரோட்டில் கிடக்கின்றன என்றது. 8 லட்சத்தில் 3 லட்சத்து 20 ஆயிரம் போயிற்று.

மேல்முறையீடு மோட்டார் வாகனச் சட்டம் 173-ஆம் பிரிவில். 90 நாளுக்குள் போட வேண்டும். முன்பணம் கட்டுவது பணம் கொடுக்க வேண்டிய தரப்பின் கவலை, நம்முடையதல்ல. நல்ல வக்கீலாகப் பாருங்கள்.

புது வக்கீல் கெட்டிக்காரர். என் மேல் தவறு சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும், கம்பெனி அந்தக் கார் டிரைவரைக்கூட விசாரிக்கவில்லை என்றார். மோதிய பின் வண்டிகள் கிடந்த நிலையை மட்டும் வைத்துப் பங்குத் தவறு சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஜிஜு குருவிளா வழக்கில் 2013-லேயே சொன்னதையும் எடுத்து வைத்தார். வரைபடம் அதோடு செத்தது.

ஆனால் குறுக்கு விசாரணையில், "தூரத்திலேயே அந்தக் காரைப் பார்த்தேன்" என்று நான் உண்மையைச் சொல்லியிருந்தேன். பார்த்தவர் ஒதுங்கியிருக்கலாமே என்று நீதிமன்றம் பிடித்துக்கொண்டது. எங்கே ஒதுங்குவது? இடப்பக்கம் வாய்க்கால். அதைச் சொல்லத்தான் டீக்கடைக்காரர் வேண்டும்! மேல்முறையீட்டில் சாட்சியத்தைப் புதிதாக எடைபோடுவார்கள், உண்மைதான். ஆனால் கீழே பதிவான சாட்சியத்தை மட்டும். புதிதாகச் சாட்சி சேர்க்க சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 41, விதி 27-இல் மனுப் போட்டோம். அப்போதே கூப்பிட்டிருக்கலாமே என்று தள்ளிவிட்டார்கள். ஆகவே கண்ணால் பார்த்தவர் ஒருவர் இருந்தால், வக்கீல் வேண்டாமென்றாலும் கையோடு கூட்டிப் போய் நிறுத்துங்கள்.

இன்னொரு அநியாயம். பக்கத்து சீட்டில் இருந்த என் மனைவியின் தொகையிலும் தீர்ப்பாயம் 40 சதவீதத்தை வெட்டியிருந்தது. ஸ்டீயரிங்கைத் தொடாதவருக்கு என்ன பங்கு? இரண்டு டிரைவர்களின் தவறால் அடிபட்ட மூன்றாம் நபர், யாராவது ஒரு தரப்பிடமே முழுத் தொகையையும் வாங்கலாம் என்று கென்யெய் வழக்கில் 2015-இல் தீர்ப்பு இருக்கிறது. பழைய வக்கீல் அதை வாயே திறந்து சொல்லவில்லை. மேல்முறையீட்டில் அவளுக்கு முழுசும் வந்தது. வீட்டில் இப்போது அவள்தான் பணக்காரி.

பழைய வக்கீல் ஃபீஸ் பாக்கி என்று இன்னும் ஆளனுப்புகிறார். அனுப்பட்டும்.