உறவினரின் கடனுக்குப் பிணை நிற்கலாமா?

கேள்வி: கண்டியில் அரச பாடசாலை ஆசிரியையாகப் பணிபுரியும் ஒருவரிடம் அவருடைய தங்கையின் கணவர் பிணை கேட்கிறார். கட்டுகஸ்தோட்டையில் உள்ள கடையைப் பெருப்பிக்க வங்கியில் 15 இலட்சம் ரூபா கடன் எடுக்கப்போகிறார். இன்னும் இரண்டு பேர் பிணை நிற்க இருக்கிறார்கள். “பெயருக்குத்தான் கையெழுத்து, கட்டுவது நான்” என்பது அவருடைய பேச்சு. தவணை நின்றுபோனால் ஆசிரியைக்கு எவ்வளவு பொறுப்பு வரும்? அவருடைய சம்பளத்துக்கும் அம்பிட்டியில் உள்ள காணிக்கும் ஆபத்து உண்டா?

பதில்: கடன் எடுத்தவர் கட்டத் தவறினால் அதைத் தான் கட்டுவதாக ஒருவர் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு நேரடியாகக் கொடுக்கும் வாக்குறுதியே பிணை. இந்த ஒப்பந்தம் பிணையாளருக்கும் வங்கிக்கும் இடைப்பட்டது. எனவே கடனாளி வீட்டில் வைத்துச் சொன்ன எந்தச் சமாதானமும் வங்கியைக் கட்டுப்படுத்தாது. “பெயருக்குத்தான்” என்ற ஒரு வகைப் பிணை சட்டத்தில் கிடையாது.

வாய்மொழிப் பிணை செல்லாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி, இன்னொருவரின் கடனுக்குப் பொறுப்பேற்கும் வாக்குறுதி எழுத்தில் இருக்க வேண்டும். பொறுப்பேற்பவரோ அவரால் முறைப்படி அதிகாரமளிக்கப்பட்டவரோ அதில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். கையெழுத்து விழுந்தபின் “வாசிக்காமல் போட்டேன்”, “ஆங்கிலத்தில் இருந்தது” என்ற வாதங்கள் நீதிமன்றத்தில் எளிதில் எடுபடுவதில்லை.

கண்டியில் எந்தச் சட்டம் பொருந்தும் என்பதில் சிலருக்குக் குழப்பம் உண்டு. கண்டியச் சட்டம் கண்டியச் சிங்களவரின் திருமணம், வாரிசுரிமை, நன்கொடை போன்றவற்றுக்கே உரியது. பிணை ஒப்பந்தத்துக்குத் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோருக்கும் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டமே அடிப்படை. ஒரு விடயம் மட்டும் வேறுபடலாம். ஆசிரியை தேசவழமைக்கு உட்பட்ட யாழ்ப்பாணத் தமிழராகவும் திருமணமானவராகவும் இருந்தால், தம் அசையாச் சொத்தை ஈடு வைப்பதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவைப்படும்.

ரோமன் டச்சுச் சட்டம் பிணையாளருக்கு மூன்று பாதுகாப்புகளைத் தருகிறது. முதலாவது, கடனாளியின் சொத்துகளிலிருந்து முதலில் அறவிட்டு, தீராத மீதிக்கே தன்னிடம் வரவேண்டும் என்று கேட்கும் உரிமை. இரண்டாவது, பிணையாளர் பலராக இருந்தால் கடனைப் பங்கிட்டு, தன் பங்கை மட்டும் கேட்கச் சொல்லும் உரிமை. மூன்றாவது, கடனைக் கட்டி முடித்தபின், கடனாளிக்கும் மற்றப் பிணையாளர்களுக்கும் எதிராக வங்கிக்கு இருந்த உரிமைகளைத் தன் பெயருக்கு எழுதித் தரும்படி கேட்கும் உரிமை.

சிக்கல் தொடங்குவது இந்த இடத்தில்தான். வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் பயன்படுத்தும் அச்சிட்ட பிணைமுறிகளில் முதல் இரண்டு உரிமைகளைப் பிணையாளர் கைவிடுவதாக ஒரு வாசகம் வழமையாக இருக்கும். “கூட்டாகவும் தனித்தனியாகவும்” பொறுப்பு என்ற சொற்களும் சேர்ந்துவரும். அப்படிக் கையெழுத்திட்டால், கடனாளியின் கடையைத் தொடாமலே வங்கி நேராக ஆசிரியையிடம் வரலாம். மூன்று பிணையாளர் இருப்பதால் ஆளுக்கு 5 இலட்சம் என்று கணக்குப் போட முடியாது. முழு 15 இலட்சத்தையும், அதோடு வட்டி, தவணை தவறியதற்கான மேலதிக வட்டி, வழக்குச் செலவு ஆகியவற்றையும் ஒருவரிடமே அறவிடலாம். மாதச் சம்பளம் நிச்சயமாக வரும் அரச ஊழியரைத் தேடிப் பிணை கேட்பதற்குக் காரணமும் இதுவே.

அதே முறியில் கவனிக்க வேண்டிய வேறு வாசகங்களும் உண்டு. இந்தக் கடனுக்கு மட்டுமன்றி, கடனாளி இனி எடுக்கும் கடன்களுக்கும் மேலதிகப் பற்றுக்கும் பொறுப்பு என்று எழுதியிருந்தால் அது தொடர் பிணை. பிணையாளருக்கு அறிவிக்காமலே தவணைக்காலத்தை நீட்டவோ நிபந்தனைகளை மாற்றவோ வங்கிக்கு அனுமதி தரும் வாசகமும் வழக்கமானது. அது இல்லாவிட்டால் இத்தகைய மாற்றங்கள் சில வேளைகளில் பிணையாளரை விடுவிக்கக்கூடும்.

தவணை நின்றால் வங்கி முதலில் கோரிக்கைக் கடிதம் அனுப்பும். பிறகு 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டு (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். இது சுருக்க நடைமுறை. வங்கியின் ஆவணங்களில் நீதிமன்றம் திருப்தியடைந்தால் தொடக்கத்திலேயே நிபந்தனைத் தீர்ப்பாணை வழங்கும். எதிராடுவதற்கு அனுமதி பெற வேண்டும். அதற்குக் கோரப்பட்ட தொகையைக் கட்ட வேண்டும், அல்லது போதிய பிணைப்பணம் காட்ட வேண்டும், அல்லது விசாரிக்கத்தக்க பிரச்சினை உண்டு என்பதைச் சத்தியக்கடதாசி மூலம் காட்ட வேண்டும். நிபந்தனைத் தீர்ப்பாணை கையில் கிடைத்தபின் அதில் குறித்த திகதியைத் தவறவிடுவதே பிணையாளர்கள் செய்யும் பெரிய தவறு.

தீர்ப்பாணை உறுதியானபின் பிணையாளரின் சொத்தை, தீர்ப்பாணையை நிறைவேற்றும் நீதிமன்ற அலுவலரான பிசுக்கல் மூலம் கைப்பற்றி விற்கலாம். குடியியல் நடவடிக்கை முறைக் கோவையின் 218ஆம் பிரிவு அத்தியாவசிய உடை, படுக்கை, தொழிற்கருவி போன்ற சிலவற்றுக்கு விலக்களிக்கிறது. அம்பிட்டிக் காணியை ஈடு வைக்காவிட்டாலும், வழக்கில் தோற்றால் அது ஏலத்துக்குப் போகக்கூடும். சம்பளத்தைப் பொறுத்தவரை, பிணைமுறியோடு சேர்த்துச் சம்பளக் கழிவுக்கான சம்மதக் கடிதமும் வாங்கப்படுகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அதில் கையெழுத்திட்டால் வழக்கு இல்லாமலே சம்பளத்தில் கழிவு தொடங்கலாம்.

காணியை ஈடு வைப்பது இதைவிடப் பெரிய படி. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், அதில் குறித்த தொகைக்குக் குறையாத கடன்களில், ஈடு வைத்த சொத்தை நீதிமன்றம் போகாமல், பணிப்பாளர் சபையின் தீர்மானத்தின் மூலம் ஏலம் விட வங்கிகளுக்கு அதிகாரம் தருகிறது. கடன் எடுக்காத மூன்றாம் ஆளின் சொத்துக்கு இந்த அதிகாரம் செல்லாது என்று 2006இல் ஹற்றன் நஷனல் வங்கி தொடர்பான வழக்கொன்றில் உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. ஆயினும் பின்வந்த வழக்குகளில் இந்தக் கேள்வி மீண்டும் எழுந்தது. ஆகவே அந்த ஒரு தீர்ப்பை நம்பி ஈட்டு உறுதியில் கையெழுத்திடுவது பாதுகாப்பானதல்ல.

வழக்கு வராவிட்டாலும் பாதிப்பு உண்டு. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் பிணை நின்ற கடன்களும் இடம்பெறும். மைத்துனர் தவணை தவறினால், நாளை ஆசிரியை கேட்கும் வீட்டுக் கடன் மறுக்கப்படலாம். பிணையாளர் இறந்தாலும் பொறுப்பு தானாக அழியாது. அவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்கு அது தொடரும்.

கடன் கட்டாதது தனியே ஒரு குற்றச்செயல் ஆகாது. ஆனால் பணமில்லை என்று தெரிந்துகொண்டே கொடுத்த காசோலை திரும்புவது, மேற்சொன்ன கடன் அறவீட்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவின் கீழ் குற்றமாகலாம். ஆகவே பிணைக்காக வெற்றுக் காசோலையோ நிரப்பாத வாக்குறுதிப் பத்திரமோ கொடுக்கக்கூடாது.

பிணை நிற்பதென்று முடிவெடுத்தால் செய்ய வேண்டியவை சில. பொறுப்பின் உச்சத் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் முறியில் குறிப்பிடக் கேட்க வேண்டும். “இந்தக் கடனுக்கு மட்டும்” என்று எழுதுவிக்க வேண்டும். சம்பளக் கழிவுக் கடிதத்தைத் தவிர்க்கப் பார்க்க வேண்டும். தவணை தவறினால் தனக்கும் அறிவிக்கும்படி வங்கிக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். கடன் ஒப்பந்தத்தினதும் முறியினதும் பிரதிகளைக் கையில் வைத்திருக்க வேண்டும். வங்கி எதற்கும் இணங்காவிட்டால், அந்த 15 இலட்சத்தையும் தன் கடனாகவே கருதி, தன் வருமானத்தில் அதைக் கட்ட முடியுமா என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

ஏற்கனவே கட்ட நேர்ந்துவிட்டால், பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்தி, வங்கியின் உரிமைகளைத் தன் பெயருக்கு எழுதி வாங்க வேண்டும். அதைக்கொண்டு கடனாளியிடமிருந்து முழுத் தொகையையும், மற்றப் பிணையாளர்களிடமிருந்து அவரவர் பங்கையும் கோரலாம். எழுத்து ஒப்பந்தங்களின் மீதான வழக்குகளுக்கு 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம் பொதுவாக 6 ஆண்டு தருகிறது. எழுத்தில் இல்லாத கோரிக்கைகளுக்கு 3 ஆண்டே. ஆகையால் மைத்துனரிடமிருந்து பணத்தைத் திருப்பித் தருவதாக ஆரம்பத்திலேயே எழுத்தில் ஓர் உடன்பாடு வாங்கிவைப்பது நல்லது. தொகை சட்டத்தில் குறித்த வரம்புக்குள் இருந்தால், உறவினர்களுக்கு இடையிலான இத்தகைய பிணக்கு வழக்குக்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். வங்கியின் நடத்தை பற்றிய முறைப்பாடுகளை மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்தில் தெரிவிக்கலாம். சட்டத்தரணிக்குச் செலவிட வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் கண்டி நிலையத்தை நாடலாம்.