வீட்டுக் குழாயும் நீர் அழுத்தமும்

வீட்டுக் குழாயில் நீர் நூல்போல் ஒழுகத் தொடங்கியதும் "பிரஷர் இல்லை" என்று சொல்லி மோட்டார் வாங்கும் வழக்கம் பெருகி வருகிறது. உண்மையிலேயே அழுத்தம் குறைவா, அல்லது அழுத்தம் இருந்தும் நீர் வரும் வழி அடைபட்டிருக்கிறதா என்று பார்ப்பவர் மிகச் சிலரே. இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள், மருந்தும் வெவ்வேறு. முதலாண்டில் நாம் பயின்ற பாய்மவியலைக் கொண்டே இவற்றைப் பிரித்தறிய முடியும். அம்முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அழுத்தம் எதைப் பொறுத்தது?

ஓய்விலுள்ள நீரின் அழுத்தம் அதன் ஆழத்தைப் பொறுத்தது. கலத்தின் வடிவத்தையோ நீரின் மொத்த எடையையோ பொறுத்ததன்று. சைமன் ஸ்டெவின் என்னும் அறிஞர் இதனை 1586ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். ஆகவே 500 லிட்டர் தொட்டியை மாற்றி 1000 லிட்டர் தொட்டி வைத்தாலும், நீர்மட்டம் உயராதவரை அழுத்தம் கூடாது.

பத்து மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பம் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையளவு அழுத்தம் தரும். மாடியில்லா வீட்டில், மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டம் குழாயைவிட 3 மீட்டர் மேலே இருந்தால் நமக்குக் கிடைப்பது 0.3 கிலோகிராம் மட்டுமே. நகரக் குடிநீர் வழங்கல் பற்றி மத்திய அரசு 1999இல் வெளியிட்ட கையேடு, ஒரு தள வீடுகளுக்குத் தெருக்குழாயில் 7 மீட்டர், இருதள வீடுகளுக்கு 12 மீட்டர் நீர்த்தம்ப அழுத்தமாவது வேண்டும் என்று வகுத்தது. அதனோடு ஒப்பிட்டால் நம் தொட்டி தரும் அழுத்தம் சிறியதே. எனவேதான் வழியில் நேரும் சிறு தடையும் நம்மைப் பெரிதும் வருத்துகிறது.

வழியில் நேரும் இழப்பு

டாரிசெல்லியின் விதிப்படி 3 மீட்டர் உயரத்திலிருந்து வரும் நீர், 15 மில்லிமீட்டர் துளை வழியே நிமிடத்திற்கு 80 லிட்டர் பாய வேண்டும். ஆனால் நடைமுறையில் அதில் ஒரு சிறு பங்கே வாளியில் விழுகிறது. எஞ்சிய ஆற்றல் குழாயின் உராய்விலும், வளைவுகளிலும், வால்வுகளிலும் செலவாகிவிடுகிறது.

நுண்புழைக் குழாயில் பாயும் நீரின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்னும் பாய்சொய் விதியை நாம் ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறோம். ஆயினும் அவ்விதி வரிச்சீர் ஓட்டத்திற்கே உரியது. வீட்டுக் குழாயில் நிமிடத்திற்கு 10 லிட்டர் பாயும்போது ரெனால்டு எண் 15,000ஐத் தாண்டிவிடும். அது சுழற்சி ஓட்டம். அங்கே நீரின் அளவு விட்டத்தின் ஏறத்தாழ இரண்டரை அடுக்கைப் பொறுத்தது. துருவும் சுண்ணாம்பும் படிந்து பழைய ஜி.ஐ. பைப்பின் உள்விட்டம் பாதியாகிவிட்டால், வரும் நீர் பாதியாகக் குறைவதில்லை. ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

ஒரு டியூபும் ஒரு வாளியும்

கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் ஒளிபுகும் பிளாஸ்டிக் டியூப் நான்கைந்து மீட்டர் போதும். தொட்டியிலிருந்து நீர் பெறும் ஒரு குழாயில் அதன் ஒரு முனையை நீர் கசியாதபடி இறுகக் கட்டி, மறுமுனையைத் தொட்டியின் மட்டத்திற்கு மேலாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். மற்ற எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, டியூப் கட்டிய குழாயைத் திறந்தால், டியூபில் நீர் தொட்டியின் நீர்மட்டத்திற்கு ஏறி நிற்கும். இந்த உயரமே நமக்குள்ள முழு அழுத்தம். வழியில் அடைப்பு இருந்தாலும், முற்றிலும் மூடிப்போகாதவரை இந்த உயரம் குறையாது. நீர் ஓடாதபோது உராய்வு இல்லை என்பதே காரணம்.

அடுத்து, பக்கத்துக் குழாயை முழுவதும் திறக்க வேண்டும். டியூபில் நீர் இறங்கும் உயரமே வழியில் ஏற்படும் இழப்பு. அது பெரிதும் இறங்கினால் தொட்டிக்கும் குழாய்க்கும் இடையில் பொதுவான வழியில் தடை உண்டு. அவ்வளவாக இறங்காமலே திறந்த குழாயில் நீர் மெலிந்து வந்தால், குறை அந்தக் குழாயிலேயே உள்ளது.

நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் இச்சோதனையைச் செய்து பார்த்தேன். மோட்டார் வைத்தாலன்றித் தீராது என்று குழாய் வேலைக்கு வந்தவர் சொன்னதால், அதற்காக அம்மா மகளிர் குழுவில் கடன் கேட்டிருந்தார். எல்லாக் குழாய்களும் மூடியிருக்கையில் டியூபில் நீர் 3 மீட்டர் 20 சென்டிமீட்டர் நின்றது. பக்கத்துக் குழாயைத் திறந்ததும் 20 சென்டிமீட்டருக்கு இறங்கிவிட்டது. 15 லிட்டர் வாளி நிறைய 5 நிமிடம் ஆயிற்று. தொட்டியின் அடியிலுள்ள கேட் வால்வைக் கழற்றிப் பார்த்தபோது, பிடி சுழன்றாலும் உள்ளே உள்ள தகடு எழாமல் வழியை மறைத்துக்கொண்டிருந்தது. வால்வை மாற்றிய பின் அதே சோதனையில் நீர் 2 மீட்டர் 40 சென்டிமீட்டரில் நின்றது. வாளி ஒன்றரை நிமிடத்தில் நிறைந்தது. கடன் வாங்க வேண்டியிருக்கவில்லை.

குறையும் தீர்வும்

ஒரே ஒரு குழாயில் மட்டும் நீர் குறைந்தால், அதன் வாயிலுள்ள சல்லடையையோ ஷவரின் முகத்தையோ கழற்றி வினிகரில் ஓரிரவு ஊறவைக்கலாம். அசெட்டிக் அமிலம் சுண்ணாம்புப் படிவைக் கரைத்துவிடும். ஆனால் ஜி.ஐ. பைப்புக்குள் கடும் அமிலத்தை ஊற்றலாகாது. அது துத்தநாகப் பூச்சையும் இரும்பையும் அரித்துவிடும்.

எல்லாக் குழாய்களிலும் குறைந்தால், தொட்டியின் அடியிலுள்ள வண்டல், வெளியேறும் வழியின் வால்வு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். தொட்டி காலியாகி மீண்டும் நிறைந்த பின் நீர் வராவிட்டால், குழாயின் மேடான வளைவில் காற்று தங்கியிருக்கலாம். தொட்டியை அடுத்து, அதன் மேல்விளிம்பைவிட உயரமாக ஒரு காற்றுப் போக்குக் குழாய் வைத்தால் இது பெரும்பாலும் நேராது.

பைப்பே படிவால் குறுகியிருந்தால் மாற்றுவதே வழி. அப்போது தொட்டியிலிருந்து இறங்கும் முதன்மைக் குழாயை 25 மில்லிமீட்டராக வைத்து, கடைசிக் கிளைகளை மட்டும் 15 மில்லிமீட்டராக அமைப்பது நன்று. மேல்தளத்து ஷவருக்கு மட்டும் நீர் போதாவிடில், அங்குதான் அழுத்தம் உண்மையிலேயே குறைவு. தொட்டியை ஒரு மீட்டர் உயர்த்திக் கட்டுவதோ, தொட்டிக்குப் பின் அழுத்த மோட்டார் வைப்பதோ அங்கே பொருந்தும்.

தெருக்குழாயில் மோட்டார்

தெருக்குழாயிலிருந்தே நீர் குறைவாக வந்தால், வரும் நீரைத் தரைமட்டத் தொட்டியில் தேக்கி, அதிலிருந்து மேலேற்ற வேண்டும். தெருக்குழாயில் நேரே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுவது பல ஊர்களில் தடைசெய்யப்பட்டுள்ளது. அத்தடைக்கு இயற்பியலே காரணம் சொல்கிறது. ஒருவர் உறிஞ்சினால் அதே குழாயிலுள்ள அடுத்த வீட்டின் அழுத்தம் குறைகிறது. அவரும் மோட்டார் வைக்கிறார். மோட்டார் வாங்க இயலாத வீட்டுக்குச் சொட்டு நீரும் வருவதில்லை.

அதனினும் கொடியது மற்றொன்று உண்டு. குழாயினுள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைந்தால், இணைப்புகளிலும் வெடிப்புகளிலும் நீர் வெளியே கசிவதற்கு மாறாக, வெளியிலுள்ள கழிவுநீர் உள்ளே இழுக்கப்படும். பல தெருக்களில் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் அருகருகே செல்கின்றன. காலராவும் டைபாய்டும் மஞ்சட்காமாலையும் பரவ இதுவே போதும். உறிஞ்சியவர் வீட்டுக்கும் அந்நீரே வந்து சேரும்.

ஆகவே மோட்டார் வாங்கப் புறப்படுமுன் ஒரு டியூபையும் ஒரு வாளியையும் கொண்டு அளந்து பார்ப்போமாக. நாம் கற்ற பாடம் தேர்வுத் தாளோடு நின்றுவிடாமல் நம் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பயன்படட்டும்.