கர்னலை ஏன் வீட்டுக்கு அனுப்பினார்கள்?

கேள்வி: கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தேன், 'சி' சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். அண்மையில் 'சர்விங் இன் சைலன்ஸ்' என்ற பழைய அமெரிக்கப் படம் பார்த்தேன். வியட்நாம் போரில் வேலை பார்த்த ஒரு நர்ஸ் அதிகாரி, தான் லெஸ்பியன் என்று ஒரு விசாரணையில் சொல்லிவிடுகிறார். அதற்காக அவரை ராணுவத்தைவிட்டே அனுப்பிவிடுகிறார்கள். இது நிஜமாக நடந்ததா? தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்களுக்கும் இதே சட்டம்தானே இருந்தது? ஆனால் பெண்கள்தான் அதிகம் மாட்டினார்கள் என்று எங்கோ படித்தேன். அது ஏன்? நம் ராணுவத்தில் நிலைமை என்ன? என் பெயரைப் போட வேண்டாம்.
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: நிஜமாக நடந்ததுதான். அந்த அதிகாரியின் பெயர் மார்கரேதா கேமர்மேயர். 1942-ல் நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் பிறந்து, சிறுமியாக அமெரிக்கா வந்தவர். 1995-ல் வெளிவந்த அந்தத் தொலைக்காட்சிப் படத்தில் கிளென் குளோஸ் அவராக நடித்திருந்தார். படத்தின் கனம் முழுக்க 1989-ல் நடந்த விசாரணையின் மேல் விழுகிறது. நீங்கள் கேட்ட 'ஏன் பெண்கள்?' என்பதற்கு விடை வேண்டுமானால் அதற்கு இருபது வருடம் முன்னால் போக வேண்டும்.

1967-68-ல் அவர் வியட்நாமில் இருந்தார். லாங் பின் என்ற இடத்து ராணுவ மருத்துவமனையில், தலையில் காயம்பட்டு வந்தவர்களைப் பார்க்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில் தலைமை நர்ஸ். பதினான்கு மாதம் வேலை பார்த்ததற்கு 'பிரான்ஸ் ஸ்டார்' (வெண்கல நட்சத்திர) பதக்கம் கொடுத்தார்கள். அப்போது அவருக்குத் திருமணமாகியிருந்தது. நாடு திரும்பியவர் கருவுற்றார், வேலை போய்விட்டது. 1951-ல் அதிபர் ட்ரூமன் போட்ட உத்தரவு அப்படி: ஒரு பெண் கருவுற்றாலோ, அவள் பொறுப்பில் சிறு பிள்ளை இருந்தாலோ, படையிலிருந்து அனுப்பிவிடலாம். படையிலிருக்கும் ஆணுக்குப் பிள்ளை பிறந்தால் வாழ்த்துச் சொல்வார்கள். விதி தளர்ந்த பிறகு, 1972-ல் கேமர்மேயர் ரிசர்வ் படையில் மறுபடி சேர்ந்தார். நான்கு மகன்களை வளர்த்தார். 1980-ல் விவாகரத்து ஆனது. கர்னல் பதவிக்கு உயர்ந்து, வாஷிங்டன் மாநில நேஷனல் கார்டு படையின் தலைமை நர்ஸ் ஆனார்.

1989-ல் போர்க் கல்லூரியில் சேர விரும்பினார். அதற்கு ரகசிய ஆவணங்களைப் பார்க்கும் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்கு முன் ஓர் அதிகாரி வந்து தனிவாழ்க்கையை விசாரிப்பார். அந்த விசாரணையில்தான் உண்மையைச் சொன்னார். 1992 ஜூன் 11-ஆம் தேதி அவரை நீக்கினார்கள்.

ஆக, ஒரே பெண்ணை ஒரே ராணுவம் இரண்டு முறை வெளியே அனுப்பியிருக்கிறது. முதல் முறை, கணவனோடு வாழ்ந்து பிள்ளை பெறப்போனதற்காக. இரண்டாம் முறை, ஆண் துணை தனக்கு ஒத்துவராது என்று சொன்னதற்காக. இரண்டு முறையும் அவர் வேலையில் யாரும் குறை சொல்லவில்லை. என் பார்வையில், உங்கள் கேள்விக்கு விடை இந்த இரண்டு நீக்கங்களையும் சேர்த்து வைத்துப் பார்ப்பதில்தான் இருக்கிறது. தன்பாலீர்ப்புத் தடை, காகிதத்தில் இரு பாலருக்கும் ஒன்றே. ஆனால் ஆணைப் பிடித்தபோது 'இவன் எப்படிப்பட்ட ஆண்?' என்று கேட்டார்கள். பெண்ணைப் பிடித்தபோது கேட்டது வேறு: 'ஒரு பெண்ணுக்கு ராணுவத்தில் என்ன வேலை?' இந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னாலும் தப்பாகத்தான் முடியும்.

இந்தச் சந்தேகம் பெண்கள் சீருடை போட்ட நாளிலேயே தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பெண்கள் படைப்பிரிவில் சுமார் ஒன்றரை லட்சம் பேர் சேர்ந்தார்கள். 1943-ல் அவர்களைப் பற்றி நாடெங்கும் அவதூறு கிளம்பியது: ஒன்று, சிப்பாய்களின் சுகத்துக்காக வந்தவர்கள், இல்லாவிட்டால் ஆணாக ஆசைப்படுகிறவர்கள். ஆனால் போருக்கு ஆள் வேண்டுமே! அதனால் பெண் அதிகாரிகளுக்கு நடத்திய பயிற்சி வகுப்பிலேயே, வதந்தியை நம்பி ஆள்வேட்டைக்குக் கிளம்ப வேண்டாம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். போர் முடிந்ததும் அந்தப் பெருந்தன்மையும் முடிந்தது. 1940-களின் கடைசியிலிருந்து முகாம் முகாமாக விசாரணைகள் நடந்தன.

விசாரணை எப்படி நடக்கும்? முதலில் ஒருத்தியைப் பிடிப்பார்கள். ஒரு கடிதம், ஒரு போட்டோ, அறைத்தோழி சொன்ன ஒரு வார்த்தை போதும். மணிக்கணக்கில் உட்காரவைத்து, 'இன்னும் நாலு பேர் பெயரைச் சொல், உன்னை விட்டுவிடுகிறோம்' என்பார்கள். அந்த நாலு பேரையும் இதேபோல் உட்காரவைப்பார்கள். சாஃப்ட்பால் விளையாடும் பெண்கள், தலைமுடியைக் குட்டையாக வெட்டியவர்கள், விடுமுறையில் ஒன்றாக ஊருக்குப் போகும் இருவர் என்று பட்டியல் வளரும். 1980-ல் கலிஃபோர்னியாவில் நின்றிருந்த 'நார்ட்டன் சவுண்ட்' என்ற கடற்படைக் கப்பலில் 61 பெண்கள் இருந்தார்கள். அவர்களில் 24 பேர்மீது சந்தேகம் என்றார்கள். கடைசியில் எட்டுப் பேர்மீது நடவடிக்கை, இருவர் மட்டுமே நீக்கம். மீதிப் பேர் அதே கப்பலில், அதே ஆட்களோடு, அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் என்ற பெயரோடு வேலை பார்த்தார்கள். 1988-ல் தென் கரோலினாவின் பாரிஸ் தீவு மரைன் பயிற்சி முகாமில் பெண் பயிற்சியாளர்களைக் குறிவைத்து நடந்த விசாரணை இன்னும் கடுமையானது. பலர் வேலை இழந்தார்கள். சிலர் சிறைக்கே போனார்கள்.

இதில் எனக்கு மிகவும் விசித்திரமாகப் படுவது 1990-ல் வந்த ஒரு சுற்றறிக்கை. அட்லாண்டிக் கடற்படைக் கப்பல்களின் தளபதியாக இருந்த வைஸ் அட்மிரல் ஜோசப் டானல் அனுப்பியது. லெஸ்பியன் மாலுமிகள் பெரும்பாலும் கடுமையாக உழைப்பவர்கள், நேரம் பாராமல் வேலை செய்பவர்கள், தங்கள் பிரிவிலேயே சிறந்து விளங்குபவர்கள் என்று அவரே அதில் ஒப்புக்கொள்கிறார். அதனால்தான் அவர்கள்மீதான விசாரணையில் மேலதிகாரிகள் சுணக்கம் காட்டுகிறார்கள் என்று குறைபட்டுக்கொண்டு, தயவு தாட்சண்யம் இல்லாமல் களையெடுக்கச் சொல்கிறார். இதை வாசித்த பெண் மாலுமி என்ன புரிந்துகொண்டிருப்பாள்? நன்றாக வேலை செய்தால் சந்தேகம் வரும் என்றுதானே.

இனி, ஆண்களுக்கு இல்லாத ஒரு கண்ணி. மேலதிகாரி ஒருவர் பெண்ணிடம் தப்பாக நடக்க முயல்கிறார். அவள் மறுக்கிறாள். 'ஓ, நீ அந்த மாதிரியா?' என்று ஒரு கேள்வி வரும். அவள் புகார் கொடுத்தால், விசாரணை அவள்மீதே திரும்பும். அவள் லெஸ்பியனாக இருக்க வேண்டும் என்றே அவசியமில்லை. திருமணமானவர்களும் இதில் சிக்கியிருக்கிறார்கள். தான் லெஸ்பியன் இல்லை என்று ஒருத்தி எப்படி நிரூபிப்பாள்? அதற்கு அந்த ஆள் காட்டுவது ஒரே வழிதான். பயந்து வாய்மூடியவர்கள் எத்தனை பேரோ, அது எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது. தொந்தரவு பற்றிப் புகார் செய்தவரையே விசாரிக்கக் கூடாது என்று 1997-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தனியாக ஒரு வழிகாட்டுதல் வெளியிட வேண்டியிருந்தது என்றால், நடந்தது என்னவென்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

1993-ல் கிளின்டன் காலத்தில் ஒரு சமரசச் சட்டம் வந்தது. ராணுவம் கேட்காது, நீங்களும் சொல்லக் கூடாது. கேட்க இதமாக இருக்கும். நடைமுறையில், காதலிக்கு எழுதும் கடிதத்தில் ஆண் பெயர் போட வேண்டும்; மேசைமேல் படம் வைக்கக் கூடாது; திங்கள்கிழமை யாராவது 'லீவுக்கு எங்கே போனாய்?' என்றால் பொய் சொல்ல வேண்டும். ஊருக்காகத் தன்பாலீர்ப்புள்ள ஆண் நண்பர்களையே திருமணம் செய்துகொண்ட பெண்கள் உண்டு. இந்தச் சட்டத்தின்கீழ் 13,000-க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். படையில் பெண்கள் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான்; சட்டத்தின் பிற்கால ஆண்டுகளில் நீக்கப்பட்டவர்களில் அவர்கள் மூன்றில் ஒரு பங்கு. நீங்கள் படித்தது சரி.

கேமர்மேயர் விடவில்லை. வழக்குப் போட்டார். 1994 ஜூனில் சியாட்டில் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பணிக்குத் திரும்பி 1997-ல் ஓய்வு பெற்றார். ஆனால் அந்தத் தீர்ப்பு பழைய விதியைப் பற்றியது என்பதால், புதிய சட்டம் மற்றவர்களைத் தொடர்ந்து தின்றுகொண்டிருந்தது. விமானப்படை மேஜர் மார்கரெட் விட், அவரும் நர்ஸ்தான், ஓய்வூதியம் கைக்கு வரக் கொஞ்ச காலமே இருந்தபோது நிறுத்தப்பட்டார். அவர் வழக்கில் உடன் வேலை பார்த்தவர்களே சாட்சிக்கூண்டில் ஏறி, அவர் போனதுதான் எங்கள் பிரிவைக் குலைத்தது என்றார்கள். 'இவர்கள் இருந்தால் ஒற்றுமை கெடும்' என்ற ராணுவத்தின் வாதத்துக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. 2010 செப்டம்பரில் அவர் வென்றார். அந்த டிசம்பரில் ஒபாமா சட்டத்தை நீக்கக் கையெழுத்திட்டார். 2011 செப்டம்பர் 20-ல் தடை முடிந்தது.

அந்த 2011 டிசம்பரில் வெர்ஜீனியா துறைமுகத்தில் 'ஓக் ஹில்' கப்பலிலிருந்து இறங்கிய ஒரு பெண் மாலுமி, கரையில் காத்திருந்த தன் காதலியை முத்தமிட்ட படம் உலகம் முழுக்கப் பரவியது. கப்பல் திரும்பும்போது முதல் முத்தம் யாருக்கு என்று சீட்டுக் குலுக்குவது அவர்கள் வழக்கம். சீட்டு இவருக்கு விழுந்தது. படம் மகிழ்ச்சியானது. அடுத்த ஆண்டு அக்டோபரில் ஆப்கானிஸ்தானின் கோஸ்ட் நகரில் தற்கொலைத் தாக்குதலில் ஒரு பெண் சார்ஜென்ட் இறந்தார். அவரைச் சட்டப்படி மணந்திருந்தவரும் ராணுவத்தில் சார்ஜென்ட். ஆனால் அந்தத் திருமணத்தை மத்திய அரசின் சட்டம் ஏற்கவில்லை. எனவே வாழ்க்கைத் துணைக்கு ராணுவம் கொண்டுபோக வேண்டிய துக்கச் செய்தி அவர் வாசலுக்கு முறைப்படி வரவில்லை, துணைவருக்கான உதவித்தொகையும் இல்லை. அந்தச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2013 ஜூனில்தான் தகர்த்தது.

பிரிட்டனைப் பற்றிச் சுருக்கமாக. அங்கே தடையை உடைத்த வழக்குகளில் ஒன்று ஜெனட் ஸ்மித் என்ற விமானப்படை நர்ஸுடையது (மறுபடியும் நர்ஸ்!). யாரோ பெயர் சொல்லாமல் போன் செய்ததில் தொடங்கி, படுக்கையறை வரை கேள்விகள் போயின. 1999-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2000 ஜனவரியில் தடை நீங்கியது. பிரதமர் மன்னிப்புக் கேட்க 2023 ஜூலை ஆயிற்று.

இனி நம் நாடு. 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின் பிடியை வயது வந்தோரின் சம்மத உறவுகளிலிருந்து விலக்கியது. ராணுவத்தில் அந்தத் தீர்ப்பு அப்படியே செல்லுபடியாகும் என்று எண்ணிவிடாதீர்கள். படையினரின் அடிப்படை உரிமைகளைச் சுருக்க அரசியல் சாசனத்தின் 33-ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்கு இடம் கொடுக்கிறது. 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு அதிகாரிக்குத் தகாத நடத்தையையும், 46-ஆம் பிரிவு 'இயற்கைக்கு மாறான' இழிநடத்தையையும் குற்றமாக்குகின்றன. பின்னதற்கு ஏழாண்டு வரை சிறை. 2019 ஜனவரியில் அன்றைய தளபதி ஜெனரல் பிபின் ராவத், தன்பாலுறவை ராணுவத்துக்குள் அனுமதிக்க மாட்டோம் என்று வெளிப்படையாகவே சொன்னார். சீருடைப் பெண்கள் என்றால் நம்மிடம் பழைய உதாரணமும் உண்டு: 1987 டிசம்பரில் மத்தியப் பிரதேச ஆயுதக் காவல் படையைச் சேர்ந்த லீலா, ஊர்மிளா என்ற இரு பெண்கள் மாலை மாற்றிக்கொண்டார்கள், அடுத்த ஆண்டு தொடக்கத்தில் இருவருக்கும் வேலை போனது.

நீங்கள் உங்களுக்காகக் கேட்கிறீர்களா, தோழிக்காகவா என்று நான் கேட்கப்போவதில்லை. 'சி' சான்றிதழ் இருப்பதால் எழுத்துத் தேர்வு இல்லாமலே எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்குப் போகலாம்; தேறினால் பயிற்சி நம் பரங்கிமலையிலேயே அமையலாம். யாராக இருந்தாலும் விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் முன் ராணுவச் சட்டத்தின் அந்த இரண்டு பிரிவுகளையும் முழுதாகப் படித்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் வழக்காடும் வக்கீல் ஒருவரிடம் கேளுங்கள். உள்ளே இருக்கும் சீனியர்கள் 'அதெல்லாம் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்' என்று நல்ல மனதோடுதான் சொல்வார்கள். அதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.