காயைக் கனியாக்கும் வாயு



கூடையில் ஒரு தக்காளி பழுத்தால், அடுத்த இரண்டொரு நாளில் பக்கத்தில் இருப்பவையும் பழுக்கத் தொடங்குகின்றன. இதன் காரணத்தை அறிந்துகொண்டால் சரக்குச் சேதமும் குறையும், சட்டச் சிக்கலும் வராது.

மனித உடலில் இருப்பதுபோல் தாவரங்களிலும் ஹார்மோன்கள் உண்டு. பழுக்க வைக்கும் ஹார்மோன் எத்திலீன் என்ற வாயு. விளக்கு எரிக்கும் வாயுவில் கலந்திருந்த எத்திலீனே பட்டாணி நாற்றுகளைக் கோணலாக வளரச் செய்தது என்று 1901-ல் ரஷ்ய விஞ்ஞானி நெல்யுபோவ் கண்டறிந்தார். பழுக்கும் ஆப்பிளே இவ்வாயுவை வெளியிடுகிறது என்று 1934-ல் இங்கிலாந்தில் ரிச்சர்டு கேன் நிரூபித்தார்.

எத்திலீன் எப்போது சுரக்க வேண்டும் என்பதை மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. காய் முற்றியதும் அவை வேலையைத் தொடங்குகின்றன. மாவுச்சத்து சர்க்கரையாகிறது, பச்சை நிறம் மறைகிறது, சதை இளகுகிறது. ஒரு பழம் விடும் வாயு அடுத்த பழத்தையும் தூண்டுகிறது. 'ரின்' என்ற மரபணு மாறுபட்ட தக்காளி, வாரக்கணக்கில் சிவக்காமல் கெட்டியாகவே இருக்கும். அதைக் கொண்டுதான் நெடுநாள் தாங்கும் வீரிய ஒட்டு ரகங்கள் சிலவற்றை உருவாக்கினார்கள்.

நம் முன்னோர் வாழைத்தாருக்குப் புகைமூட்டம் போட்டதும் இதே தத்துவம்தான். புகையிலும் எத்திலீன் உண்டு.

கார்பைடு கல் அப்படியல்ல. அதிலிருந்து வருவது அசிட்டிலீன் வாயு. கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் நஞ்சு கலந்திருக்கக்கூடும். முற்றாத காயில் தோல்தான் நிறம் மாறும்; உள்ளே இனிப்பு ஏறாது. இக்கல்லால் பழுக்க வைப்பதைச் சட்டம் தடை செய்துள்ளது. 2016 முதல் எத்திலீன் வாயுவை 100 பி.பி.எம். அளவு வரை பயன்படுத்த அனுமதி உண்டு.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. முற்றிய காயையே வாங்குவோம்.

2. வாழை, மா, பப்பாளி, தக்காளி ஆகியவை பறித்த பின்னும் பழுக்கும். திராட்சை, எலுமிச்சை, அன்னாசி அப்படிப் பழுக்காது, காத்திருந்து பயனில்லை.

3. பழுத்ததையும் அழுகியதையும் உடனே பிரித்தெடுப்போம்.

4. கீரை, கொத்துமல்லி, வெள்ளரிக்காயைப் பழங்களுக்கு அருகில் வைக்க வேண்டாம். விரைவில் மஞ்சளாகிவிடும்.

5. எத்திபான் கரைசலில் பழத்தை முக்கக் கூடாது.

ஒருநாள் முன்னதாக விற்கும் அவசரத்தில் கார்பைடு கல்லைத் தொட்டால், வாடிக்கையாளர் உடல்நலமும் நம் கடையின் பெயரும் சேர்ந்தே கெடும்.