மலைச்சரிவில் லாவெண்டர் சாகுபடி

ஜம்மு - காஷ்மீரில் டோடா மாவட்டத்தைச் சேர்ந்தது பதர்வா பள்ளத்தாக்கு. இங்குள்ள சிறு விவசாயிகளின் மரபுவழிப் பயிர் மக்காச்சோளமாகும். இவர்களுள் ஒரு பகுதியினர் அண்மை ஆண்டுகளில் லாவெண்டர் சாகுபடிக்கு மாறியுள்ளனர். ஜம்முவிலுள்ள இந்திய ஒருங்கிணைந்த மருத்துவ ஆராய்ச்சி நிலையம், மத்திய அரசின் நறுமணத் திட்டத்தின்கீழ் இவர்களுக்கு நாற்றுகளையும் பயிற்சியையும் வழங்கிற்று. 2022-இல் பதர்வாவில் லாவெண்டர் விழாவும் நடைபெற்றது.

மத்தியதரைக் கடற்பகுதியைத் தாயகமாகக் கொண்ட இச்செடிக்கு வெயிலும் குளிரும் வேண்டும், பனிப்பொழிவையும் தாங்கும். தாங்காதது வேரில் தேங்கும் நீர் ஒன்றே. ஆகவே, வளம் குன்றிய, சற்றே காரத்தன்மை கொண்ட சரிவு நிலமே இதற்கு உகந்தது. சமவெளியின் ஈரமும் வெப்பமும் ஒவ்வா. கால்நடைகள் இதனை மேய்வதில்லை என்பது மலை விவசாயிக்குச் சிறு ஆறுதலன்று!

வணிக முறையில் பயிராவன மூன்று. மெய் லாவெண்டர் உயரமான இடங்களில் வளர்வது. இதன் எண்ணெயில் லினலைல் அசிட்டேட் மிகுதியாதலால் வாசனைத் தைலத் தொழிலில் மதிப்புடையது. ஸ்பைக் லாவெண்டர் தாழ்ந்த சரிவுகளுக்குரியது. கற்பூர நெடி கொண்டது. இவ்விரண்டின் கலப்பான லாவண்டின் கூடுதல் எண்ணெய் தரும், விலையோ குறைவு. காஷ்மீர் சரிவுகளுக்கு மெய் லாவெண்டரே பொருந்தும். ஜம்மு நிலையம் உருவாக்கிய ஆர்.ஆர்.எல்.-12 இவ்வினத்ததே. விதையிலிருந்து வளரும் செடிகள் ஒரே தன்மையுடையனவாக இரா. எனவே தண்டுக் குச்சிகளை வேரூன்றச் செய்து நடுதலே முறை.

பொருளாதார நோக்கில் கவனிக்கத்தக்கது காத்திருப்புக் காலமாகும். நட்ட முதல் இரண்டு ஆண்டுகளில் விளைச்சல் சொற்பம். மூன்றாம் ஆண்டு முதலே நல்ல பலன் கிட்டும். அதன்பின் ஆண்டுதோறும் கவாத்து செய்துவந்தால் பத்தாண்டுகளுக்கு மேல் பயன் தரும். மக்காச்சோளம் அவ்வாண்டின் உணவை அவ்வாண்டே தந்துவிடும், லாவெண்டர் தராது. அரை ஏக்கர் உடையவர் இந்த இடைவெளியை எதைக்கொண்டு கடப்பார்? நிலம் முழுவதையும் ஒரே பருவத்தில் மாற்றச் சொல்லுதல் தகாது. முதல் அறுவடைக்கு முன்னரே தவணை கேட்கும் கடனும் இப்பயிருக்கு ஏற்றதன்று.

மற்றொன்று எண்ணெய் வடிப்பு. கோடையில் சில வாரங்களுக்குள் மலர்க்கதிர்கள் முழுவதையும் அறுத்து, காலம் தாழ்த்தாது நீராவியால் வடித்தாக வேண்டும். ஏறத்தாழ 100 கிலோ மலருக்கு 1 கிலோ எண்ணெயே கிடைப்பதால், மலரைத் தொலைவுக்குச் சுமந்து செல்வது கட்டுபடியாகாது. நாற்று வழங்குவதற்கு முன்பே வடிகலன் எங்கு அமையும், அங்கு எத்தனை சிற்றூர்களின் மலர் வந்து சேரும் என்று வட்டார அலுவலர்கள் கணக்கிட்டுக்கொள்ளுதல் நன்று.